மூட்டுக்குள் போடும் ஊசி குருத்தெலும்பை வளர்க்குமா?

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14-இன் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963-ல் திறந்தவெளிச் சோதனைகளை நிறுத்த உடன்பாடு வந்தபின் அது ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. காற்றில் இருப்பது பயிருக்குள் போகிறது. பயிரிலிருந்து நம் உடம்புக்குள் வருகிறது. ஆகவே ஒரு திசுவில் இருக்கும் கார்பன்-14-ஐ அளந்தால், அது எந்தக் காலத்தில் உருவானது என்று கணித்துவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இப்படிச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிலுள்ள கொலாஜன் இழைகள் பதின்மூன்று வயதையொட்டி உருவாகி முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். ஆரோக்கியமான மூட்டிலும் அப்படித்தான், தேய்ந்த மூட்டிலும் அப்படித்தான். எழுபது வயதில் மாடிப்படி ஏறும்போது நாம் ஊன்றுவது எட்டாம் வகுப்பில் கிடைத்த குருத்தெலும்பின் மேல்.

தோல் சில வாரங்களில் புதுப்பிக்கப்படுகிறது. முறிந்த எலும்பு சில மாதங்களில் கூடிக்கொள்கிறது. குருத்தெலும்பு மட்டும் ஏன் இப்படி? கேள்வி பழையது. 1743-ல், இருபத்தைந்து வயது நிரம்பிய வில்லியம் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியில் மூட்டுக் குருத்தெலும்பு பற்றி ஒரு கட்டுரை படித்தார். புண்பட்ட குருத்தெலும்பு தொல்லை பிடித்த விஷயம், ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது என்பது அவர் சொன்னதன் சாரம். இருநூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எலும்பு மருத்துவ மாநாடுகளில் அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு தொடங்குவதில்லை. சோதனைக்கூடத்தில் வளர்த்த திசுவைக் கொண்டு ஹன்டரைப் பொய்யாக்கும் முயற்சி சுமார் நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. அதில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் அந்த முன்னேற்றத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் ஊர்களில் விற்கப்படும் ஊசிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. இதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எலும்பு முனைகளின் மேல் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் பளபளக்கும் படலம்தான் மூட்டுக் குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. (மூட்டு வலி குருத்தெலும்பிலிருந்து வருவதல்ல. அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள உறையும்தான் வலிக்கின்றன.) எடையில் முக்கால் பங்குவரை தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் இழைகளும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறும். உயிருள்ள செல்கள் நூற்றில் சில பங்குதான். ஒன்றுக்கொன்று தொடாமல் தனித்தனியே கிடக்கின்றன. மூட்டுத் திரவத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டமே அவற்றுக்கு உணவு. இழைகள் மேற்பரப்பில் படுக்கைவாட்டில் ஓடுகின்றன, நடுவில் சாய்கின்றன, அடியில் எலும்பை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. பிறகு சுண்ணாம்பு ஏறிய ஒரு அடுக்கின் வழியாக எலும்போடு பிணைகின்றன.

இந்த ஒழுங்கு எதற்கு என்பது சுமையைப் பார்த்தால் புரியும். 1980-களில் பாஸ்டனில், ஒரு நோயாளிக்குப் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுப் பந்துக்குள் அழுத்தமானிகளைப் பதித்து அளந்தார்கள். நாற்காலியிலிருந்து எழும் நொடியில் குருத்தெலும்பின் மேல் ஏறிய அழுத்தம் 18 மெகாபாஸ்கல். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 80 மடங்கு. இதைத் தாங்கிக்கொண்டே, இரு பரப்புகளும் உராய்வு தெரியாமல் வழுக்க வேண்டும். ஆண்டுக்குப் பல லட்சம் அடிகள், பல பத்தாண்டுகளுக்கு. பொறியாளர்கள் செய்யும் தாங்கிகளில் எண்ணெய் மாற்றாமல் இவ்வளவு காலம் ஓடுபவை அரிது.

உடம்பில் பெரும்பாலான காயங்கள் ஆற முதலில் இரத்தம் வர வேண்டும். இரத்தம் உறைந்து, அதில் செல்கள் குடியேறித்தான் ஆறும் வேலை தொடங்குகிறது. குருத்தெலும்பில் விழும் கீறலுக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால் நாமே இரத்தத்தை வரவழைத்தால் என்ன என்று மருத்துவர்கள் யோசித்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிரிடி என்ற மருத்துவர் 1959-ல் அடியிலுள்ள எலும்பைத் துளையிட்டார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980-களில் அதைச் செம்மைப்படுத்தி, சிறு ஊசிமுனைக் கருவியால் எலும்பில் குத்துகள் போட்டார். விளையாட்டு வீரர்களிடம் இந்த முறை பெரும் புகழ் பெற்றது. மஜ்ஜையிலிருந்து இரத்தம் கசிந்து பள்ளத்தை நிரப்பும். சில மாதங்களில் ஏதோ ஒன்று வளரும். அந்த ‘ஏதோ ஒன்று’ பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு, அதாவது தழும்பு. வலி குறையும், ஆள் நடப்பார். ஆனால் பலருக்குச் சில ஆண்டுகளில் அது நைந்துபோகும்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சனும் மாட்ஸ் பிரிட்பர்க்கும் வேறு வழியில் போனார்கள். நோயாளியின் முழங்காலில் சுமை விழாத ஓரத்திலிருந்து, ஆர்த்ரோஸ்கோபி வழியாகச் சில நூறு மில்லிகிராம் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பது. அதிலுள்ள செல்களைப் பிரித்துச் சில வாரங்கள் கண்ணாடிக் கலத்தில் பெருக்குவது. இரண்டாவது அறுவை சிகிச்சையில் பள்ளத்தின் மேல் எலும்பு உறையைத் தைத்து, அதனடியில் அந்தச் செல்களைச் செலுத்துவது. முதல் மனிதருக்கு 1987-ல் செய்தார்கள். 23 பேரின் முடிவுகள் 1994-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தன. தொடை எலும்பின் முனையில் காயம் இருந்த 16 பேரில் 14 பேர் நன்றாகத் தேறினார்கள். முழங்கால் சில்லில் காயம் இருந்த ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த நல்விளைவு. செய்தித்தாள்கள் முதல் எண்ணைக் கொண்டாடின. இரண்டாவது எண்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தது: செல் ஒன்றுதான், முறை ஒன்றுதான், சுமை விழும் விதம் மாறினால் விளைவும் மாறிவிடுகிறது. 1997-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை ஒரு வணிகப் பொருளாக அனுமதித்தது.

செல்லைப் பெருக்குவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கலத்தின் தட்டையான தரையில் வளர விட்டால் குருத்தெலும்புச் செல் தன் தொழிலையே மறக்கிறது. உருண்டை வடிவம் போய் நீண்டு படர்கிறது. இரண்டாம் வகைக் கொலாஜனைச் செய்வதை விட்டு, தழும்பில் இருக்கும் முதல் வகையைச் செய்யத் தொடங்குகிறது. அமெரிக்காவில் பென்யாவும் ஷாஃபரும் 1982-ல் காட்டிய ஒரு விஷயம் இந்தத் துறைக்கே வழிவிட்டது: அப்படித் தொழில் மறந்த செல்லை அகரோஸ் கூழுக்குள் மிதக்கவிட்டால் அது மீண்டும் உருண்டையாகி, பழைய வேலையைத் தொடங்குகிறது. செல்லுக்கு வடிவமும் சூழலும் வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது.

முதுகில் மனிதக் காது முளைத்த எலியின் படத்தை நடுவயது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990-களின் நடுவில் மாசசூசெட்ஸில் சார்லஸ் வாக்கான்டியின் குழு செய்தது அது. மரபணு மாற்றம் என்று உலகமே பதறியது. உண்மையில் அதில் மனித செல் ஒன்றுகூட இல்லை. கரையக்கூடிய இழையில் காது வடிவில் ஒரு சாரம் கட்டி, மாட்டின் குருத்தெலும்புச் செல்களை அதில் தூவி, எதிர்ப்புச் சக்தியற்ற எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். சாரம் கரைந்தது, குருத்தெலும்பு நின்றது. அந்தப் படம் ஒரு பெரிய நம்பிக்கையையும் ஒரு தப்பான எண்ணத்தையும் சேர்த்தே பரப்பியது. காதுக்கு வடிவம் இருந்தால் போதும். முழங்கால் அப்படியில்லை, அங்கே வைக்கும் திசு அடுத்த மாதமே ஒரு மனிதரின் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கைத் தாங்கியாக வேண்டும்.

செல்லை மட்டும் கொண்டுபோய் வைத்தால் நீண்ட காலத்தில் என்ன ஆகும்? நார்வேயில் நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தன. பாதிப் பேருக்கு வளர்த்த செல், பாதிப் பேருக்கு எலும்பில் குத்தும் எளிய முறை. இரண்டு ஆண்டுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து ஆண்டுகளிலும் இல்லை. 2016-ல் வெளியான, சுமார் பதினைந்து ஆண்டுகள் கழிந்த கணக்கிலும் இல்லை. செல் வைத்த 40 பேரில் 17 பேருக்குத் தோல்வி, குத்திய 40 பேரில் 13 பேருக்குத் தோல்வி. மிச்சமிருந்தவர்களிலும் பாதிப் பேரின் எக்ஸ்-ரேயில் தேய்மானம் தொடங்கியிருந்தது. அதற்குள் முறை வளர்ந்துவிட்டது என்பதும் உண்மை. எலும்பு உறைக்குப் பதில் பன்றிக் கொலாஜன் தாளில் செல்களை ஏற்றி ஒட்டும் முறை வந்தது. 144 பேரிடம் நடந்த ஐரோப்பிய சோதனையில், மூன்று சதுர சென்டிமீட்டரும் அதற்கு மேலுமான காயங்களுக்கு அது குத்துமுறையைவிட வலியையும் இயக்கத்தையும் மேம்படுத்தியது. 2016 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது இரு தரப்புத் திசுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலி குறைவதும் குருத்தெலும்பு வளர்வதும் ஒன்றல்ல.

எனவே அக்கறையுள்ள ஆய்வாளர்கள் இப்போது செல்லைக் கொடுப்பதை விட்டுத் திசுவையே கட்டித் தர முயல்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் அட்டேஷியனும் கிளார்க் ஹங்கும் கூழுக்குள் வளரும் செல்களை ஒரு கருவியில் வைத்து, நொடிக்கு ஒருமுறை மெல்ல அழுத்தி விட்டார்கள். நடைக்கு நிகரான அந்தப் பயிற்சி பெற்ற திசு, சும்மா வளர்ந்த திசுவைவிட உறுதியாக இருந்தது. அழுத்தமும் அதற்கு உணவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் நடக்கிறது. செல் எடுக்க இவான் மார்ட்டினின் குழு முழங்காலைத் தொடவே இல்லை. மூக்கின் நடுச்சுவரிலிருந்து சிறு துண்டு எடுக்கிறது. மூக்குச் செல்கள் வயதானவரிடமும் நன்றாகப் பெருகுகின்றன, தொழிலை எளிதில் மறப்பதில்லை. கருவில் மூக்கும் முழங்காலும் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து வருபவை. ஆனாலும் மூக்குச் செல் முழங்காலுக்குப் போனதும் அந்த இடத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. முதல் பத்து நோயாளிகளின் விவரம் 2016-ல் லான்செட் இதழில் வந்தது. அதற்குப் பிறகு செய்த காரியம்தான் முக்கியம். பல நாடுகளில் சுமார் நூறு பேரிடம் ஒரே ஒரு கேள்வியைச் சோதித்தார்கள்: செல்களைச் சாரத்தில் ஏற்றி இரண்டே நாளில் முழங்காலில் வைப்பதா, இரண்டு வாரம் கூடத்திலேயே முதிரவிட்டு, திசுவாகத் திரண்ட பிறகு வைப்பதா? செல் அதேதான், சாரமும் அதேதான். 2025-ல் வெளியான முடிவில் முதிர்ந்த திசு பெற்றவர்களே மேலாகத் தேறினார்கள். பெரிய காயமும், முன்பே அறுவை சிகிச்சை கண்ட முழங்காலும் கொண்டவர்களிடம் வித்தியாசம் அதிகம். விளைவைத் தீர்மானித்தது செல் அல்ல, செல் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட திசு.

ஜப்பானில் டோக்காய் பல்கலைக்கழகத்தின் சாத்தோ மசாத்தோ, ஆறாவது விரலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவை செய்து அகற்றும் விரலிலிருந்து செல் எடுத்து, தாளாக வளர்த்துப் பெரியவர்களின் முழங்காலில் ஒட்டிப் பார்க்கிறார். அதே நாட்டில் சுமாகி நோரியுகி, பல வகைத் திசுவாக வளரக்கூடிய ஐபிஎஸ் செல்லிலிருந்து குருத்தெலும்பு செய்கிறார். நம் நாட்டில் ஐஐடி டெல்லியிலும் ஐஐடி குவாஹாட்டியிலும் பட்டுப் புரதத்தால் சாரம் அச்சிடுகிறார்கள். பட்டு நமக்குப் புதிதல்ல என்பதால் இந்தக் கடைசி முயற்சி மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு; ஆனால் கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு: புதுத் திசுவும் பழைய குருத்தெலும்பும் சேரும் விளிம்பு. இரண்டும் எளிதில் ஒட்டுவதில்லை, பிரிசல் அங்கேதான் தொடங்குகிறது.

இதுவரை சொன்னது எல்லாமே முக்கியமாக யாருக்கு? கால்பந்தில், விபத்தில் குருத்தெலும்பின் ஒரு இடத்தில் பள்ளம் விழுந்த இளைஞருக்கு. சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருக்கும் மூட்டுக்கு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருப்பது வேறு. “ஜவ்வு தேஞ்சு போச்சு” என்று எக்ஸ்-ரேயைப் பார்த்துச் சொல்லப்படும் மூட்டுத் தேய்மானத்தில் மூட்டு முழுவதுமே நோயுற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் 52.8 கோடிப் பேர். அவர்களில் 60 சதவீதம் பெண்கள். அந்த மூட்டில் அழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது; குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகள் சுரந்துகொண்டே இருக்கின்றன; கால் வளைந்திருந்தால் சுமையும் ஒரே பக்கம் விழுகிறது. அங்கே எவ்வளவு அருமையான புதுத் திசுவை வைத்தாலும், பழையதைத் தின்றது புதியதையும் தின்னும். செயின்ட் லூயிஸில் ஃபர்ஷித் கிலாக், அழற்சி வந்தால் தானே அதற்கு மருந்து சுரக்கும்படி செல்லின் மரபணுவையே திருத்திவைக்கும் ஆராய்ச்சி செய்வது இதனால்தான். அமெரிக்க அரசின் ஆர்பா-எச் அமைப்பு 2023-ல் மூட்டுத் தேய்மானத்துக்கென்றே ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. கொலம்பியா குழு உயிருள்ள முழு முழங்கால் மூட்டையே உருவாக்கப் பார்க்கிறது. இவை நாளைக் காலை கிடைக்கப்போகும் சிகிச்சைகள் அல்ல.

ஆனால் தமிழ்நாட்டு நகரங்களில் விளம்பரப் பலகைகளையும் யூடியூபையும் பார்ப்பவருக்கு அந்த நாளைக் காலை நேற்றே வந்துவிட்டதாகத் தோன்றும். அறுவை சிகிச்சை வேண்டாம், உங்கள் இரத்தத்திலிருந்தே, உங்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த ஊசி, ஜவ்வு மறுபடி வளரும் என்கிறார்கள். சோதனைகள் சொல்வது வேறு. தட்டணுச் செறிவான இரத்த ஊசியான பிஆர்பியை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. ஓராண்டில் வலியிலும் வேறுபாடு இல்லை, ஸ்கேனில் தெரிந்த குருத்தெலும்பின் அளவிலும் இல்லை. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2023-ல் வந்தது. ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டை வெல்லவில்லை. ஸ்டீராய்டு ஊசியின் விலை என்ன, செல் ஊசியின் விலை என்ன என்று விசாரித்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

விதி இல்லாமல் இல்லை. 2017-ல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது: இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது, பதிவான ஆய்வுக்குள்தான் கொடுக்கலாம். உரிய சோதனை நடத்தி அனுமதி பெற்ற பொருள்கள் சிலவும் உண்டு. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்லை வளர்த்துத் தரும் ஒரு பொருளுக்கு 2017-லும், கொடையாளரின் எலும்பு மஜ்ஜைச் செல் ஊசி ஒன்றுக்கு 2022-லும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்தார். விளம்பரத்தில் விற்பவற்றில் எத்தனை இந்தப் படியைத் தாண்டியவை என்பதுதான் கேள்வி.

அனுமதியும் முழுக் காப்பு அல்ல. தென் கொரியா 2017-ல் இன்வோசா என்ற மரபணு மாற்றிய செல் ஊசியை முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதித்துப் பெருமைப்பட்டது. 2019-ல் ஒரு உண்மை வெளிவந்தது: குருத்தெலும்புச் செல் என்று சொல்லப்பட்ட ஒரு பகுதி உண்மையில் சிறுநீரக வழிவந்த ஆய்வகச் செல். அதற்குள் சுமார் 3,700 பேருக்கு அது செலுத்தப்பட்டிருந்தது. அனுமதி ரத்தானது. அமெரிக்காவில் அதே மருந்தின் சோதனை பிறகு மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தன் முழங்காலுக்குள் என்ன போயிருக்கிறது என்று அந்த 3,700 பேர் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்துப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியதாயிற்று. நம்மிடம் அப்படித் தேடிப் பிடிக்க ஒரு பட்டியலாவது இருக்கிறதா?

அரசு செய்ய வேண்டியது இங்கேதான் தொடங்குகிறது. 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று நடக்கிறது. உலோகத்தின் விலையை ஒரு ஆணையால் இறக்க முடிந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே தூய்மை அறையில் வாரக்கணக்கில் வளர்க்கும் திசுவுக்கு அந்த வழி உதவாது. ஐரோப்பா முதன்முதலில் 2009-ல் அனுமதித்த குருத்தெலும்புச் செல் பொருள், மருத்துவக் குறை எதுவும் இன்றி, காப்பீட்டு அமைப்புகள் போதிய அளவு பணம் தராததால் வியாபாரம் ஆகாமல் 2016-ல் சந்தையிலிருந்து விலகியது. சந்தையை மட்டும் நம்பினால் நல்ல பொருள் செத்துவிடும், மலிவான ஊசி தழைக்கும். அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த பொதுத் துறைச் செல் வளர்ப்புக்கூடங்களும், மூட்டுக்குள் செல் செலுத்தப்பட்ட ஒவ்வொருவரின் ஐந்தாண்டு, பத்தாண்டு நிலையைப் பதியும் கட்டாயப் பதிவேடும் வேண்டும். இரண்டில் பதிவேடு மலிவானது. அதைத் தொடங்க எந்தக் கண்டுபிடிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

முழங்கால் வலியோடு இதைப் படிப்பவர்களுக்கு: ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசைப் பயிற்சி வலியைக் குறைக்கும் என்பதற்கு எந்த ஊசியையும்விட வலுவான சான்று இருக்கிறது. மூட்டு முற்றிலும் தேய்ந்தவருக்கு மாற்று அறுவை சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. அதைக் காட்டிப் பயமுறுத்தித்தான் ஊசி விற்கிறார்கள். அப்படியும் ஊசி போட்டுக்கொள்ள முடிவு செய்தால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற பொருளா? இல்லை, ஆய்வு என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன? 2009 முதல் எந்த மருத்துவச் சோதனைக்கும் அந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஆய்வு மருந்துக்குக் காசு வாங்கவும் கூடாது. எண் சொல்ல முடியாதவரிடம் முழங்காலை நீட்டாதீர்கள்.